ஸ்லீப்பர் வண்டிகளைத் திரும்ப அழை!

ஆம்னி பேருந்து ஓட்டுநர் தோழர்களே! மாற்று டிரைவர்களே, கிளீனர் தம்பிகளே! ஷெட்டில் கிரீஸ் கையோடு நிற்கும் மெக்கானிக், எலெக்ட்ரீஷியன் தோழர்களே! கரூர்ப் பட்டறைகளில் பாடி கட்டும் வெல்டர்களே, டிங்கர்களே, சீட்டும் திரையும் தைக்கிறவர்களே!

2025 அக்டோபர் 14, பட்டப்பகல். ஜெய்சல்மரிலிருந்து ஜோத்பூருக்குப் புறப்பட்ட ஏ.சி. ஸ்லீப்பர் பேருந்து ஊரைத் தாண்டியதும் பற்றி எரிந்தது. இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். சாலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத வண்டி அது. பத்து நாள் கழித்து, அக்டோபர் 24 அதிகாலை மூன்று மணி வாக்கில், ஹைதராபாதிலிருந்து பெங்களூருக்குப் போன ஸ்லீப்பர் கர்நூல் பக்கம் சின்னடேகூரில் எரிந்தது. சாலையில் ஏற்கெனவே விழுந்து கிடந்த பைக் ஒன்று அடியில் சிக்க, வண்டி அதை இழுத்துக்கொண்டே போனது. பைக்கிலிருந்து பெட்ரோல் கொட்டியது, தார் ரோட்டில் உரசிய இரும்பு பொறி தந்தது. 19 பயணிகள் வெளியே வர முடியாமல் உள்ளேயே கருகினார்கள். டிக்கியில் நூற்றுக்கணக்கான செல்போன்கள் பார்சலாகக் கிடந்தன. உட்கார்ந்து போகும் வண்டியாகப் பதிவாகி, படுத்துப் போகும் வண்டியாக மாற்றப்பட்டது அது. டாமனில் பதிவு, ஒடிசாவில் மறுபதிவு, ஓட்டம் நம் பக்கத்து மாநிலத்தில். அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று சித்ரதுர்கா மாவட்டம் ஹிரியூர் அருகே லாரி மோதி இன்னொரு ஸ்லீப்பர் எரிந்தது.

இப்படி எரியும்போதெல்லாம் முதலில் கேட்கிற கேள்வி, "டிரைவர் எங்கே?" ஓடினானா, குடித்திருந்தானா, தூங்கினானா, லைசென்ஸ் சரியா? கேட்கட்டும். தப்பு செய்தவன் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதோடு விசாரணை முடிந்துவிடுகிறதே, அங்கேதான் கோளாறு. எரிந்த வண்டியை எந்தப் பட்டறை கட்டியதோ அதே பட்டறை, அதே அளவில், அதே வயரிங்கில், அதே அடைத்த பின்வாசலோடு இன்னும் எத்தனை வண்டி கட்டியது? அவை இன்று இரவு எந்த ஊருக்கு ஓடுகின்றன? இதைக் கேட்க நாதியில்லை. அந்த வண்டிகளை ஓட்டுகிறவர்கள் நாம். ஆகவே கேட்க வேண்டியவர்களும் நாம்தான்.

நம் முதன்மைக் கோரிக்கை ஒன்றே ஒன்று: கோளாறுள்ள ஸ்லீப்பர் வண்டிகளை வகை வகையாகத் திரும்ப அழைக்க வேண்டும். ஒரு வண்டியைப் பிடித்து அபராதம் போட்டு அனுப்புகிற வேலையை நாம் கேட்கவில்லை. ஒரே அச்சில் வார்த்த அத்தனையையும் ஷெட்டுக்குள் கொண்டுவந்து, கட்டியவன் செலவில் சரிசெய்து, சோதித்த பிறகே சாலைக்கு விட வேண்டும். காருக்கு இது நடக்கிறது. ஏர்பேக் சரியில்லை, பெட்ரோல் பம்ப்பில் பழுது என்று கம்பெனியே கடிதம் போட்டு, காசு வாங்காமல் மாற்றித் தருகிறது. ஸ்கூட்டருக்குக்கூட நடந்திருக்கிறது. 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜில் நின்ற மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சடைத்து இறந்தார்கள். நாடு முழுக்க அப்படி அடுத்தடுத்து எரிந்தன. அடுத்த மாதமே ஒகினாவா 3,215, ப்யூர் ஈவி 2,000, ஓலா 1,441 ஸ்கூட்டர்களைத் திரும்ப அழைத்தன. இரண்டு பேர் போகிற வண்டிக்கு இந்த அவசரம் இருந்தது. நாற்பது பேர் திரையை இழுத்துவிட்டுத் தூங்குகிற வண்டிக்கு? உங்கள் ஷெட்டுக்கு அப்படி ஒரு கடிதம் வந்து பார்த்தவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தத்தில் 110-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் அதற்கான விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஒரு வகை வண்டியில் உள்ள கோளாறு ஓட்டுநருக்கோ, உள்ளே இருப்பவருக்கோ, சாலையில் போகும் பிறருக்கோ, சுற்றுச்சூழலுக்கோ தீங்கு செய்யும் என்றால், அந்த வகை முழுவதையும் திரும்பப் பெறும்படி உற்பத்தியாளருக்கு ஒன்றிய அரசு உத்தரவிடலாம். வண்டியின் முழு விலையைத் திருப்பித் தர வேண்டும், அல்லது அதற்கு ஈடான வேறு வண்டி தர வேண்டும், அல்லது பழுது நீக்கித் தர வேண்டும். அபராதம் 10 லட்சம் ரூபாயிலிருந்து 1 கோடி வரை போகும். கோளாறை உற்பத்தியாளரே கண்டுபிடித்து, தானே முன்வந்து சொல்லித் திரும்ப அழைத்தால் அபராதம் கிடையாது.

இப்போது கவனமாகக் கேளுங்கள், தோழர்களே. கோளாறு பற்றிய தகவல் அரசுக்கு யாரிடமிருந்து வர வேண்டும் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. ஒன்று, குறிப்பிட்ட விழுக்காடு உரிமையாளர்கள் புகார் தர வேண்டும். இரண்டு, சோதனை நிறுவனம் சொல்ல வேண்டும். மூன்றாவதாக, "வேறு எந்த வழியிலிருந்து வந்தாலும்" சரி. அந்த மூன்றாவது வழி நாம்தான்.

முதலாளி புகார் தர மாட்டார். பின்வாசலை அடைத்து இரண்டு பெர்த் கூட்டச் சொன்னவரே அவர்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வாரா? சோதனை நிறுவனம் பார்ப்பது மாதிரி வண்டியை. அதில் எல்லாம் இருக்கும்: சுத்தியல், தீயணைப்பான், தாராளமாகத் திறக்கிற அவசர வாசல். அதன் பெயரில் பிறகு என்னென்ன ஓடுகின்றன என்பது ராத்திரி பத்து மணிக்கு கிளாம்பாக்கத்தில் வண்டி ஏறுகிற நமக்குத்தான் தெரியும்.

தெரிந்ததைச் சொல்லுவோம். கடைசி வரிசைக்குப் போங்கள். பின்னால் அவசர வாசல் என்று வெளியே சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். உள்ளே அதன் முன்னால் பெர்த் மெத்தை. மெத்தையைத் தூக்கினால் பிளைவுட் பலகை, பலகையைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். மேல் பெர்த்தில் படுத்திருக்கும் அறுபது வயது அம்மா, இருட்டில், புகையில், ஏணிப்படியைக் காலால் தேடி இறங்கி, ஒருவர் ஒருக்களித்துத்தான் போக முடிகிற நடைபாதையில் இறங்க வேண்டும். அங்கே செருப்பும் பையும் கிடக்கும். சில வண்டியில் கூடுதலாக ஒருத்தரை அங்கேயே படுக்கவும் வைத்திருப்பார்கள். பெர்த்துக்குத் தள்ளுகதவு போட்டிருந்தால் அது வளைந்து சிக்கிக்கொள்ளும். ஜன்னல் திறக்காது, ஏ.சி. வண்டி. கண்ணாடியை உடைக்கும் சுத்தியல் எஃப்.சி. (தகுதிச் சான்று) நாளில் மாட்டி, எஃப்.சி. முடிந்ததும் ஆபீஸ் அலமாரிக்குப் போயிருக்கும். தீயணைப்பானும் அப்படித்தான், ஒரே சிலிண்டர் ஐந்து வண்டிக்கு எஃப்.சி. வாங்கித் தரும். முன்கதவு காற்றழுத்தத்தில் இயங்குவது. வயர் எரிந்து காற்று இறங்கிவிட்டால் அதைக் கையால் திறக்கும் பிடி எங்கே இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பயணிக்கு எப்படித் தெரியும்?

அடுத்து வயரிங். கம்பெனி கொடுக்கிற சேஸிஸின் ஆல்டர்னேட்டர் ஒரு கணக்கில் வருகிறது. அதன்மேல் ஒவ்வொரு பெர்த்துக்கும் சார்ஜர், படிக்கிற விளக்கு, டி.வி., நீல விளக்கு, சிவப்பு விளக்கு, வெளியே திருவிழா மாதிரி சீரியல் விளக்கு என்று பாரம் ஏறிக்கொண்டே போகிறது. ஃப்யூஸ் போகும். டிரிப் நடுவில் ஃப்யூஸ் கிடைக்காது. கிளீனர் தம்பி செம்புக் கம்பியைச் சுற்றி வைப்பான். விளக்கு எரியும், பயணி சத்தம் போடமாட்டார், மேனேஜர் போன் செய்யமாட்டார். அந்தக் கம்பி இனி எதற்கும் போகாது. பதிலுக்கு வயர்தான் சூடாகும். சேஸிஸ் ஓட்டைக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாத வயர் தினம் அறுநூறு கிலோமீட்டர் அதிர்வில் உரசி உரசித் தோல் உரிந்திருக்கும். அதற்குப் பக்கத்திலேயே டீசல் டியூப். பின்பக்க என்ஜின் வண்டியில் டர்போ செக்கச் சிவந்து நிற்கும். மேலே எண்ணெய் கசியும் ஹோஸ். எங்கே பற்றினாலும் தீ தேடிப் போகிற சாமான் உள்ளே தயாராக இருக்கிறது: பஞ்சு மெத்தை, ரெக்ஸின், திரை, பிளைவுட், ஃபைபர். பெரும்பாலான சாவு நெருப்பில் இல்லை தோழர்களே, இவை கக்கும் புகையில்.

இதெல்லாம் டில்லிக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். பேருந்து பாடிக்கு ஏ.ஐ.எஸ்.-052 என்ற விதித்தொகுப்பு இருக்கிறது. ஸ்லீப்பருக்கென்றே ஏ.ஐ.எஸ்.-119 இருக்கிறது. என்ஜின் பகுதியில் தீயைத் தானே அறிந்து அணைக்கும் கருவிக்கு ஏ.ஐ.எஸ்.-135. தொலைதூரப் பேருந்துகளிலும் பள்ளிப் பேருந்துகளிலும் பயணிகள் இருக்கும் பகுதிக்கும் அந்தப் பாதுகாப்பு வேண்டும் என்று 2022 ஜனவரியில் ஒன்றிய அமைச்சகம் அறிவிக்கை போட்டது. தீப்பிடித்தாலும் பயணிகள் இருக்கும் பகுதியில் வெப்பம் 50 டிகிரிக்குள் நிற்க வேண்டும், இறங்கி ஓட அவகாசம் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஜெய்சல்மரில் எரிந்தது இந்த அறிவிக்கைக்குப் பின்னால் வந்த புது வண்டி.

விதி எங்கே கசிகிறது என்று பாருங்கள். பதிவுக்குப் போகிற படிவம் 22-ஏ இரண்டு பகுதியாக இருக்கிறது. முதல் பகுதியில் சேஸிஸ் கம்பெனி கையெழுத்து, இரண்டாம் பகுதியில் பாடி கட்டியவர் கையெழுத்து. தீப்பிடித்தால் சேஸிஸ் கம்பெனி, "எங்கள் என்ஜின் நன்றாகத்தான் இருந்தது, பாடிக்காரனைக் கேள்" என்று சொல்லும். பாடிக்காரர், "நான் கட்டித் தந்தது சீட்டர், ஸ்லீப்பராக்கியது முதலாளி" என்பார். முதலாளி, "பிரேக் இன்ஸ்பெக்டர் எஃப்.சி. கொடுத்தாரே" என்பார். இன்ஸ்பெக்டர், "நான் பார்த்தபோது எல்லாம் இருந்தது" என்பார். சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவன் கையில் விலங்கு விழும். கர்நூலில் பேருந்து உரிமையாளரும் கைதானார், உண்மைதான். ஆனால் முதலில் பிடிபட்டது ஓட்டுநர்.

தண்டனையின் கணக்கையும் பாருங்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 52-ஆம் பிரிவு. மாற்றிய உரிமையாளருக்கு 182-ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம். ஒரு தீபாவளி சீசனில் ஒரு கூடுதல் பெர்த் அந்தப் பணத்தை எத்தனை நடையில் சம்பாதித்துக் கொடுக்கும் என்று டிக்கெட் போடுகிற தம்பியைக் கேளுங்கள், விரல் விட்டுச் சொல்லுவான்.

எஃப்.சி. இருக்கிறதே என்பார்கள். முழுதாகக் கட்டி விற்கும் புது வண்டிக்கு முதல் இரண்டு ஆண்டு எஃப்.சி. கிடையாது, எட்டு வயது வரை இரண்டாண்டுக்கு ஒரு முறை, அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. அதுவும் ஒரு வண்டியைத் தனியாக நிறுத்திப் பார்ப்பது. பிறவியிலேயே உள்ள கோளாறை, ஒரே மாதிரி நூறு வண்டியில் இருக்கும் கோளாறை, எஃப்.சி. பிடிக்காது. அதற்குத்தான் திரும்ப அழைக்கும் சட்டம். அந்தச் சட்டத்திலும் ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் இந்த அபராதம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். கர்நூல் வண்டி 2018-இல் பதிவானது. எரிகிறபோது அந்த வரம்பின் விளிம்பில் நின்றது. தீக்கு வயது வரம்பு சொல்லிக் கொடுத்தது யார்?

தோழர்களே, இது 2025-இல் பிறந்த பிரச்சினை இல்லை. 2013 அக்டோபர் 30 விடியற்காலை, பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போன சொகுசுப் பேருந்து மகபூப்நகர் மாவட்டம் பாலெம் அருகே பாலத்துச் சுவரில் உரசி, டீசல் டேங்க் கிழிந்து எரிந்தது. 45 பேர் செத்தார்கள். கதவு திறக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துக் கர்நாடகத்து ஹாவேரியில் அதே மாதிரி இன்னொரு வண்டி, ஏழு பேர். 2022 அக்டோபரில் நாசிக், 12 பேர். 2023 ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தில் புல்டாணா அருகே சம்ருத்தி விரைவுச் சாலையில் வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்தது. வாசல் தரைக்கு அடியில் போய்விட்டது. 25 பேர். தப்பியவர்கள் எட்டுப் பேர். ஒவ்வொரு முறையும் ஊர்தோறும் ஒரு வாரம் சோதனை நடக்கும். நம் வண்டியையும் டோல்கேட்டில் நிறுத்தி, தீயணைப்பான் எங்கே என்று கேட்பார்கள். எட்டாம் நாள் பழையபடி.

வெளிநாட்டிலும் பேருந்து எரிகிறது. அதற்குப் பிறகு நடப்பதுதான் வேறு. 2005 செப்டம்பர் 23, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம். ரீட்டா புயலுக்குத் தப்ப முதியோர் இல்லத்திலிருந்து ஏற்றிவந்த பேருந்து வில்மர் அருகே எரிந்து 23 முதியவர்கள் இறந்தார்கள். அங்கே தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் என்ற தனி அமைப்பு ஒவ்வொரு உதிரியாகக் கழற்றிப் பார்த்தது. பின்பக்க அச்சின் வலது சக்கரப் பேரிங்கில் போதிய கிரீஸ் இல்லை, ஹப் சூடாகி டயர் பற்றியது என்று கண்டது. ஓட்டுநர் பக்கம் விரல் நீட்டி முடித்துக்கொள்ளாமல், பராமரிப்பு, தீ தாங்கும் பொருள், அவசர வழி என்று எல்லாவற்றையும் விசாரித்து அறிக்கை போட்டது. கோளாறுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும் சட்டம் அங்கே 1966-லேயே வந்துவிட்டது. அந்த நாட்டைச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கும் வழக்குப் போட்டுத்தான் நியாயம் வாங்குகிறார்கள். ஆனால் ஒரு ஹப் சூடானால் அது எல்லா வண்டிக்குமான பாடம் என்று அங்கே ஏற்கிறார்கள். நம் ஹப் சூடானால் டீக்கடைத் தண்ணீர் ஊற்றி ஆற்றிவிட்டுப் போகிறோம்.

2026 ஜனவரியில் ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி ஒரு அறிவிப்புச் செய்தார். இனி ஸ்லீப்பர் கோச்சுகளை வாகன நிறுவனங்களும் அரசு அங்கீகாரம் பெற்ற ஆலைகளும் மட்டுமே கட்டலாம், ஏற்கெனவே ஓடுகிறவற்றில் தீ அறியும் கருவி, அவசர வழி, அவசர விளக்கு, சுத்தியல் எல்லாம் பொருத்த வேண்டும் என்றார். வரவேற்கிறோம். ஆனால் பொருத்துவது யார், யார் செலவில், எந்தத் தேதிக்குள், பொருத்தியதைப் பார்ப்பது யார்? பொருத்தாத வண்டியை எடுக்கச் சொல்லி இன்று ராத்திரி நம்மை விரட்டினால் நாம் யாரிடம் போக வேண்டும்? நமக்கு இதற்கு விடை வேண்டும். தானாக வராது.

மாநில அரசுக்கும் சொல்கிறோம். வெளிமாநிலப் பதிவு எண்ணோடு தமிழ்நாட்டுக்குள் ஓடக் கூடாது என்று 2024 ஜூனில் ஆம்னி பேருந்துகளை நிறுத்திக் காட்டினீர்கள். வரிக்காக வண்டியை நிறுத்தத் தெரிந்த கைக்குத் தீக்காக நிறுத்தவும் தெரியும். அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகத்து ஸ்லீப்பர் வண்டிகளையும் இதே அளவுகோலில் பாருங்கள். அரசு வண்டி என்றால் புகை குறைவாக வராது.

கரூர்த் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்த அறைகூவலைக் கேட்டதும், "எங்கள் பிழைப்பில் மண்ணா?" என்ற கலக்கம் வரும். நியாயமான கலக்கம். வாகன நிறுவனங்கள் மட்டுமே கட்டலாம் என்று ஒரேயடியாக எழுதினால் பட்டறை மூடும். ஆனால் திரும்ப அழைத்தால் பட்டறைக்கு வேலை வரும். பின்வாசலைத் திறப்பது, மெத்தையும் திரையும் எளிதில் தீப்பிடிக்காத பொருளுக்கு மாறுவது, வயரிங்கை முழுக்க உருவிப் புதிதாக இழுப்பது, கருவி பொருத்துவது எல்லாம் யார் கை வேலை? உங்கள் கை வேலை. நல்ல வெல்டர் கட்டிய கூண்டு தெரியும் எங்களுக்கு. விபத்தில் உயிர் காத்த கூண்டுகளைப் பார்த்திருக்கிறோம். தப்பு உங்கள் கையில் இல்லை, "கதவை அடைச்சு ரெண்டு பெர்த் போடு" என்று ஆர்டர் கொடுத்த வாயில் இருக்கிறது. இனி அப்படி ஆர்டர் வந்தால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தர மாட்டார்கள். அப்போதே தெரிந்துவிடும்.

முதலாளிகளிலும் நல்லவர்கள் உண்டு. சுத்தியலை நிரந்தரமாக மாட்டி, வண்டி எடுக்கும் முன் பயணிகளுக்கு வழி காட்டச் சொல்கிறவர்கள். அவர்களோடு நமக்குச் சண்டை இல்லை. விதிப்படி செலவு செய்கிறவர் நஷ்டப்பட, அடைத்து ஓட்டுகிறவர் டிக்கெட் விலையைக் குறைத்து லாபம் பார்க்கிறார். திரும்ப அழைத்தால் நல்ல முதலாளிக்கும் லாபம்தான் என்பதை அவர்களிடம் நேரிலேயே சொல்லுங்கள்.

ஆக, நாம் கேட்பது இது. 110-ஏ பிரிவின் கீழ், தீக்கு வழி வைக்கிற பாடி வகைகளை ஒன்றிய அரசு பெயர் சொல்லி அறிவித்துத் திரும்பப் பெற வேண்டும். சேஸிஸ் கம்பெனி, பாடி கட்டியவர் இருவரையும் பொறுப்பாக்க வேண்டும். வயது வரம்பு எடுபட வேண்டும். முதலாளி தன்னிஷ்டத்துக்கு மாற்றியிருந்தால் அந்தச் செலவு அவருடையது. வண்டி ஷெட்டில் நிற்கும் நாளுக்கு டிரைவர், கிளீனர் சம்பளமும் பேட்டாவும் நிற்கக் கூடாது. இதை விட்டுக்கொடுத்தால் மற்ற எதுவும் நிற்காது. பசித்த வயிறு எரிகிற வண்டியிலும் ஏறும். கோளாறைச் சொன்னதற்காக வேலையை விட்டு நீக்கினால் அது குற்றமாக வேண்டும். பயணிகளை ஏற்றும் வண்டி பார்சல் வண்டியாக மாறுவது நிற்க வேண்டும்: பெட்ரோலோடு பைக், பட்டாசு, பேட்டரி மூட்டை எதுவும் டிக்கியில் ஏறக் கூடாது. 2025-இல் நீக்கப்படும் வரை 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நமக்கு எட்டு மணி நேர வேலை என்றது, தொலைதூரத்துக்குப் பத்து மணி வரை. அந்த நேர வரம்பை அமலாக்குங்கள் என்று புதிதாகக் கேட்கவே வெட்கமாக இருக்கிறது. அறுபது ஆண்டு தாண்டிய வரம்பு அது. தூங்கி வழிகிற ஓட்டுநரால் புகை வாசனையை மோந்து பிடிக்க முடியாது.

தனியாக ஒருவர் மறுத்தால் நாளைக்கு வேறொருவர் அந்த சீட்டில் இருப்பார். அது நமக்குத் தெரியும், முதலாளிக்கும் தெரியும். அதனால்தான் ஸ்டாண்டு ஸ்டாண்டாகச் சேருங்கள் என்கிறோம். கிளாம்பாக்கம், மாட்டுத்தாவணி, கோவை, சேலம், திருச்சி, நாகர்கோவில். எந்தச் சங்கக் கொடி என்பது இரண்டாம் பட்சம். சிவப்போ நீலமோ கறுப்போ, புகை கொடி பார்த்து வருவதில்லை.

இந்த வாரமே செய்ய வேண்டியது: உங்கள் வண்டியின் பதிவு எண், சேஸிஸ் எண், பாடி கட்டிய பட்டறை, கட்டிய ஆண்டு இவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். பின்வாசல் திறக்கிறதா, சுத்தியல் எத்தனை, தீயணைப்பான் எந்தத் தேதியில் நிரப்பியது, தீ அறியும் கருவி உண்டா, எந்த வயர் எங்கே உரசுகிறது என்று கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். செல்போனில் படம் எடுங்கள், முதலாளி பெயரைக் கெடுக்க அல்ல, பழுதைக் காட்ட. கேள்விப்பட்டதை எழுத வேண்டாம். ஒரு பொய் சேர்ந்தால் நூறு உண்மையும் குப்பைக்குப் போகும். எழுதத் தயங்குகிற டிரைவர் அண்ணனுக்குப் படித்த தம்பி உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். பட்டறை வாரியாகச் சேர்த்து ஒரே கட்டாக ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவோம், நகல் மாநிலப் போக்குவரத்து ஆணையருக்கு. ஒரே பட்டறை, ஒரே மாதிரிக் கோளாறு, ஐம்பது வண்டி என்று தாள் பேசும்போது, "தனிப்பட்ட பராமரிப்புக் குறை" என்று ஒருவராலும் தள்ள முடியாது. அடுத்த பண்டிகைக் கூட்டம் வருவதற்குள் அந்தக் கட்டு டில்லி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஸ்பெஷல் டிரிப் நாட்களில்தான் பழைய வண்டியெல்லாம் ஷெட்டிலிருந்து வெளியே வரும், இரண்டு ஆள் வேலையை ஒரு ஆள் பார்ப்பான்.

அதுவரை ஓட்டுகிற வண்டியில் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்வோம். கிளம்பும் முன் கிளீனர் தம்பி மைக்கில் ஒரு நிமிடம் பேசட்டும்: அவசர வாசல் இங்கே, சுத்தியல் இங்கே, முன்கதவைக் கையால் திறக்கும் பிடி இங்கே. பயணிகள் சிரித்தாலும் பேசட்டும். புகை வாசனை வந்தால் ஓரம் கட்டி, என்ஜினை அணைத்து, பேட்டரி கட்-ஆஃப்பைத் தட்டி, முதலில் ஆட்களை இறக்குங்கள். மூட்டையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நாம் கடைசியாக இறங்குவோம். ஓடிப்போனான் என்ற பெயர் இனி நம் தொழிலில் ஒருவனுக்கும் வேண்டாம்.

இன்று இரவு டியூட்டிக்குப் போகும் தோழரே, வண்டியைச் சுற்றி ஒருமுறை நடங்கள். பின்வாசலைக் கையால் தள்ளிப் பாருங்கள். திறக்காவிட்டால் ஸ்டாண்டில் இருக்கும் மற்ற டிரைவர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், எல்லாரும் சேர்ந்து ஆபீசுக்குப் போங்கள், சாவியை மேனேஜர் மேஜைமேல் வைத்துவிட்டு, வாசலைத் திறந்து கொடுத்தால் வண்டி எடுக்கிறோம் என்று சொல்லுங்கள்.